பீரோ மேல் இருந்த இறகுத் தூண்டில்

திருவாடானைக்கு மேற்கே ஒரு கிராமத்தில், தலை மடங்கிப் போன கன்றை நேராக்குவதற்காகத் தோள்பட்டை வரை கையைப் பசுவுக்குள் விட்டு நின்றுகொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. கோட்டுப் பையில் போன் விடாமல் அடித்தது. மாட்டுக்காரர் அதை எடுத்து என் காதில் வைத்தார். மறுமுனையில் மதினி, பூமிநாதன் அண்ணனின் மனைவி. "டாக்டரம்மா, மத்தியானம் சாப்பிட்டுட்டுச் சாஞ்சாக, எந்திரிக்கவே இல்ல. நெஞ்சு நின்னு போச்சுங்கிறாக" என்றார். எனக்குக் கையை எடுக்க வழியில்லை, எடுத்தால் கன்று போய்விடும். அது கீழே விழுந்து, நான் அதன் மூக்கைத் துடைத்து, அது மூச்சு விட்டதைப் பார்த்த பிறகு, வைக்கோல் போர் ஓரமாக உட்கார்ந்து அழுதேன். கன்றுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று மாட்டுக்காரர் பயந்துபோனார்.

அண்ணனைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொண்டியைச் சுற்றி ஆடு, மாடு, கோழி வைத்திருக்கிற யாருக்கும் அவரைத் தெரியாமல் இருக்காது. எங்கள் கால்நடை ஆஸ்பத்திரியில் அவர் ஆய்வாளர், நான் டாக்டர். பதவியில் நான் மேலே, வயதில் அவர் மேலே, வாயில் எப்போதும் அவர்தான் மேலே. நான் கமுதிப் பக்கம், அவர் முதுகுளத்தூர்ப் பக்கம். இரண்டு பேர் வீட்டிலும் மிளகாய்க் காடு. கடலைப் பற்றி இரண்டு பேருக்கும் ஒரு மண்ணும் தெரியாது.

இந்த மாதிரிக் கட்டுரையில் இறந்தவரின் நல்ல குணங்களை வரிசையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதற்கு முன்னால் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அண்ணனின் தூண்டில் கம்பு ஆஸ்பத்திரி பீரோவிலிருந்து காணாமல் போனது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆளாளுக்கு ஒருவரைச் சந்தேகப்பட்டீர்கள். அதை எடுத்தது நான். ஏன் எடுத்தேன், எடுத்ததை ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதை அவரைத் தெரிந்தவர்கள் முன்னால் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

கம்பு வந்த கதையே ஒரு தவறுதான். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மச்சினனிடம் "நல்ல தூண்டில் ஒண்ணு வாங்கிட்டு வா மாப்ள" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அந்தப் புண்ணியவான் கடையில் கிடைத்ததில் அழகானதை வாங்கி வந்துவிட்டான். நான்கு துண்டாகக் கழற்றிப் பையில் போடுகிற கம்பு. நுனியைப் பிடித்து ஆட்டினால் சவுக்கு மிலார் போல வளைந்தது. ஈயக்குண்டு இல்லை. நூலோ மஞ்சள் நிறத்தில் தடிமனாக இருந்தது. கடற்கரையில் நண்டு வலை வைத்திருக்கும் களஞ்சியம் அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மீனுக்கா, மாட்ட ஓட்டுறதுக்கா?" என்று கேட்டார். பூமிநாதன் அண்ணன் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து ஒரு வாரத்தில் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். இதில் இரை கிடையாது. முள்ளில் இறகைக் கட்டிப் பொடிமீன் மாதிரி செய்ய வேண்டும். அந்த இறகுக்குக் கனம் இல்லாததால் நூலின் கனத்தை வைத்து, முன்னும் பின்னும் வீசி, அதைக் கொண்டுபோய்ப் போட வேண்டும்.

இறகுக்கு எங்கள் ஆஸ்பத்திரியைவிட நல்ல இடம் உண்டா? வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசிக்குச் சேவலைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம், "ஊசி சும்மா போடுறேன், கழுத்து இறகு ரெண்டு குடுத்துட்டுப் போங்க" என்பார். ஊசி எப்போதுமே சும்மாதான். ஒருநாள் ஒருவர் ஆசையாய் வளர்த்த சண்டைச் சேவலின் கழுத்தில் கேட்காமல் கைவைத்துவிட்டார். சேவல்காரர் அடிக்காத குறை. "எம் பிள்ளையப் புடுங்கிட்டானே" என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று கத்தினார். நான் போய்ச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டுத் திரும்பினால், அண்ணன் அந்த இறகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "கோவப்படாதீக டாக்டரம்மா. நிறத்தப் பாருங்க. இதுக்கு அடியே வாங்கலாம்" என்றார். வெள்ளாட்டுக் கிடாவின் வால் முடியையும் கத்தரித்துச் சேர்த்துக்கொள்வார். கட்டிய முடிச்சு அவிழாமல் இருக்க மதினியின் நெயில் பாலிஷை எடுத்துவந்து பூசுவார். மதினி அதைத் தேடித் தேடி, கடைசியில் எனக்குப் போன் போட்டுத் திட்டுவார்.

முதல் நாள் அவர் கடலில் இறங்கியதை நான் பார்த்தேன். மழை பெய்த கரிசலில் எங்கள் ஊரில் எப்படி நடப்போம் என்று உங்களுக்குத் தெரியும். காலை இழுத்தால் சேறு அப்பிக்கொண்டு கூடவே வரும். அதனால் உருவித் தூக்கி, எட்டி வைத்து, அழுத்தி ஊன்றுவோம். அண்ணன் கடலுக்குள்ளும் அப்படியே நடந்தார். கரையில் இருந்த களஞ்சியம் அண்ணன், "ஏலே, காலத் தூக்காத! உரசி நட, உரசி நட!" என்று கத்துவதற்குள் பத்து எட்டு வைத்துவிட்டார். பதினோராவது எட்டில் மணலுக்குள் படுத்திருந்த திருக்கையின் மேல் மிதித்தார். கால் உரசிப் போனால் திருக்கை சத்தம் கேட்டு விலகிவிடும், மேலே மிதித்தால் வால் முள்ளால் அடிக்கும். கடற்கரைப் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே தெரிகிற விஷயம் எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவரைக் கரைக்குத் தூக்கி வந்து, டீக்கடையிலிருந்து வாளி நிறையச் சுடுதண்ணீர் வாங்கி, அதற்குள் காலை வைத்தோம். வலியில் அவர் முகம் கறுத்துப் போயிருந்தது. ஜீப்பில் மாட்டுக்கான வலி ஊசிதான் இருந்தது. "போடவா அண்ணே?" என்று பதறிப்போய்க் கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டே, "எடையப் பாத்துப் போடுங்க. நான் கன்னுக்குட்டிதான்" என்றார். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அன்றிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. ஆஸ்பத்திரி வராண்டாவில்கூடச் செருப்பைத் தேய்த்துத் தேய்த்துத்தான் நடப்பார். "இங்கன எந்தத் திருக்கை படுத்திருக்கு?" என்று நான் கேலி செய்வேன். "உங்க மேஜைக்கு அடியில ஒண்ணு இருக்கு" என்பார்.

அவர் தேடிப் போனது எருமைநாக்கு மீனை. தட்டையாக, தோசை போல மணலோடு ஒட்டிக் கிடக்கும், இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கும். எங்கள் பக்கத்துக் கடலில் வெகு தூரம் நடந்தாலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டாது. தண்ணீர் ஏறும்போது எருமைநாக்கு கரை ஓரத்து ஓடைகளுக்குள் வந்து, மணலைப் போர்த்திக்கொண்டு பொடிமீனுக்காகக் காத்திருக்கும். வற்றிய பிறகு பார்த்தால் அது படுத்திருந்த இடத்தில் அரசிலை அளவில் ஒரு பள்ளம் இருக்கும். அண்ணன் வற்றின நேரத்தில் போய் அந்தப் பள்ளங்களைப் பார்த்து வைத்துக்கொண்டு, ஏறுகிற நேரத்தில் அங்கே இறகை வீசுவார். "றால இரையாக் குத்திப் போட்டா அரைமணி நேரத்துல எடுத்துறலாம், என்னத்துக்கு இந்தச் சித்திரவதை?" என்று களஞ்சியம் அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார். அதற்குப் பூமிநாதன் அண்ணன் சொன்ன பதிலை இன்றைக்கும் களஞ்சியம் அண்ணன் சொல்லிச் சிரிக்கிறார்: "பசியில கடிக்கிறது வேற மச்சான், ஏமாந்து கடிக்கிறது வேற. எனக்கு அது ஏமாறணும்."

எட்டு மாதம் ஏமாந்தது அவர்தான். முதல் மீன் அக்காள்மடத்தில் கிடைத்தது. மாடுகளுக்கான கோமாரித் தடுப்பூசி முகாமுக்காக எங்களை அந்தத் தீவு ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். முகாம் முடிந்து எல்லோரும் பொட்டலத்தைப் பிரித்தபோது இவர் கம்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் கரையில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். "அங்கன ஒண்ணும் இல்லண்ணே, வெறும் மணலு" என்று கத்தினேன். திரும்பாமலே, "இருக்கு டாக்டரம்மா. ரெண்டு கண்ணையும் மேல வச்சு நம்மளத்தான் பாத்துக்கிட்டிருக்கு" என்றார். மூன்றாவது வீச்சில் மணல் புகைந்தது, கம்பு வளைந்தது. மீனைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். ஓடினார் என்றால் காலைத் தேய்த்துக்கொண்டேதான் ஓடினார். மீன் உள்ளங்கை இரண்டைச் சேர்த்துவைத்த அளவுதான் இருக்கும். அறுபதை நெருங்குகிற மனுஷன் அதைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றார். பிறகு கொண்டுபோய்த் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்.

அவருக்குச் சர்க்கரை வெகுகாலமாக இருந்தது. வெளியே சொல்லமாட்டார். ஒருநாள் காலையில் நான் உள்ளே வந்தபோது ஆஸ்பத்திரித் தரையில் வாசலிலிருந்து ரத்தத் தடம். "எந்த மாட்டுக்கண்ணே அடிபட்டிருக்கு?" என்று கேட்டேன். "மாடு ஒண்ணும் வரலையே" என்றார். தடம் அவருடைய நாற்காலியில் போய் முடிந்தது. விடியற்காலையில் கடலில் நின்றபோது சிப்பி பாதத்தைக் கிழித்திருக்கிறது. பஸ் ஏறி, ஆஸ்பத்திரிக்கு வந்து, இரண்டு ஆட்டுக்கு மருந்தும் கொடுத்திருக்கிறார். அவருக்குத் தெரியவே இல்லை. பாதம் மரத்துப் போயிருந்தது. அந்தப் புண் பழுத்து, கடைசியில் சுண்டுவிரலை எடுத்தார்கள்.

அப்படியும் அடங்கினாரா? விரல் போன இரண்டாவது மாதமே, காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு இறங்கலாமா என்று களஞ்சியம் அண்ணனிடம் யோசனை கேட்டிருக்கிறார். நான் சண்டை போட்டேன். "நீங்க மாட்டுக்குத்தான் டாக்டரு" என்றார். "மாடு உங்களவிடச் சொன்ன பேச்சுக் கேக்கும்" என்றேன். மறுநாள் மதினி என் முன்னால் வந்து உட்கார்ந்தார். "அடுத்த தடவை காலையே எடுத்துருவாகளாம் டாக்டரம்மா. நான் சொன்னா சிரிக்கிறாக. நீங்க எப்படியாச்சும் நிறுத்துங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அழுதது எனக்குத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு பீரோவைத் திறந்தேன். கம்புப் பையை எடுத்து, பழைய கோமாரி முகாம் பேனரில் சுற்றி, இராமநாதபுரம் பஸ்ஸில் ஏறினேன். "என்ன டாக்டரம்மா, நோட்டீஸ் ஒட்டப் போறீகளா?" என்று கண்டக்டர் கேட்டார். ஆமாம் என்றேன். அங்கே என் வீட்டு பீரோவுக்கு மேலே, பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தேன். புண் ஆறியதும் கொடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் தேடினார். இரண்டு நாள் மருந்து ரேக்குகளை எல்லாம் இழுத்துப் போட்டுத் தேடினார். அந்த முகத்தைப் பார்க்காமல் இருக்க நான் வேலையே இல்லாமல் கிராமங்களுக்குக் கிளம்பிப் போனேன். யாரோ ஒருவர் கூட்டிப் பெருக்க வருகிற அம்மாவின் பெயரைச் சொன்னார். உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் சத்தம் போட்டார்: "அந்தம்மாவ யாரும் ஒரு வார்த்த கேக்கக்கூடாது. எடுத்தது வித்துத் திங்கிற ஆளு இல்ல." அதோடு பேச்சு முடிந்தது. நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து, ஊசியைக் கழுவிக்கொண்டே, யாரிடமோ பேசுகிற மாதிரிச் சொன்னார்: "யாரு எடுத்தாகளோ, அந்த ரீல உப்பு தின்னுரும். நல்ல தண்ணியில கழுவி, ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டா நல்லது." அன்று இரவே நான் எண்ணெய் விட்டேன். இன்னொரு நாள், "நூலச் சுத்தியே வச்சா சுருண்டுக்கிரும். மாசத்துக்கு ஒருவாட்டி இழுத்து நீட்டணும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் இழுத்து நீட்டினேன். கார்க் பிடியைத் துடைக்கச் சொன்னார், துடைத்தேன். பையைத் திறந்து காற்றாட வைக்கச் சொன்னார், வைத்தேன். பசுவின் வயிற்றுக்குள் கன்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கைவிட்டுச் சொல்கிறவள் நான். எதிரே நிற்கிற மனுஷன் எதற்கு இதையெல்லாம் என் காதில் விழுகிற மாதிரிச் சொல்கிறார் என்று எனக்குப் புத்தியில் ஏறவில்லை. சாமர்த்தியமாக ஒளித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

புண் ஆறிவிட்டது. இதுதான் நான் சொல்லவேண்டியது. அவர் சாவதற்கு ஐந்து மாதம் முன்பே நன்றாக ஆறிவிட்டது. தடித்த ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கலாம் என்று அவருடைய டாக்டரே சொல்லிவிட்டார். அண்ணன் அதை என்னிடம் வந்து சொன்னார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் நின்றார். "சந்தோஷம்ணே" என்றேன். அவ்வளவுதான். பூட்ஸுக்குள் கல் புகுந்தால்? வழுக்கி விழுந்தால்? மழை முடியட்டும், வெயில் தணியட்டும், முகாம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். என் பயத்துக்காக அவருடைய ஐந்து மாதத்தை எடுத்துக்கொண்டேன். காலைக் காப்பாற்றியவள் என்று நீங்கள் யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

பதினாறாம் நாள் கம்பைப் பேனரிலிருந்து பிரித்து, மதினியிடம் கொண்டுபோனேன். சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் படத்துக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு, "மதினி, இத எடுத்தது நான்தான்" என்றேன்.

"தெரியும் டாக்டரம்மா" என்றார். "அவுகளுக்கும் தெரியும். மூணாம் நாளே வந்து சொன்னாக. நீங்க பேனர்ல சுத்திக் கொண்டுபோனத பஸ் கண்டக்டர் சொல்லிட்டானாம். விழுந்து விழுந்து சிரிச்சாக."

"பெறகு ஏன் மதினி எங்கிட்டக் கேக்கல?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'கேட்டா உடனே குடுத்துருவாக. குடுத்துட்டு, நான் தண்ணியில நிக்கிற நேரமெல்லாம் அந்தம்மா ஊசியக் கையில வச்சுக்கிட்டு நடுங்கிக்கிட்டு நிப்பாக. ஏதாச்சும் ஒரு மாட்டுக்கு ஆகாமப் போயிரும். அவுகளாக் குடுக்கட்டும், எனக்கென்ன அவசரம்'னாக."

எருமைநாக்கு மாதிரி மணலைப் போர்த்திக்கொண்டு, இரண்டு கண்ணையும் மேலே வைத்து, ஒன்றரை வருஷம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மதினி உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். திறந்தால், நிறைய இறகு முள். சேவல் இறகு, கிடாவின் வால் முடி, சிவப்பு நெயில் பாலிஷ். எல்லாம் கம்பு போன பிறகு கட்டியவை. "இல்லாத கம்புக்கு என்னத்துக்குக் கட்டுறீகன்னு திட்டினேன் டாக்டரம்மா. 'கம்பு வார அன்னைக்கு முள்ளு இல்லேன்னு நிக்கக்கூடாதுல்ல'ன்னாக" என்றார். சாப்பாட்டுப் பந்தி என்றும் பார்க்காமல் நான் அழுதேன். மதினிதான் என்னைத் தேற்றினார். புறப்படும்போது கம்பையும் டின்னையும் என் கையிலேயே கொடுத்து, "நீங்களே வச்சுக்கங்க. எண்ணெய் போட உங்களுக்குத்தான பழக்கம்" என்றார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான்: நான்கு துண்டுக் கம்பு, ஒரு டின், மாதத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய். கொடுக்கவேண்டியதைக் கையில் வைத்துக்கொண்டு நல்ல நேரம் பார்க்கிற புத்தியை விட்டொழிக்க முயற்சி செய்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காலையில், தண்ணீர் ஏறுகிற நேரம் கேட்டுக்கொண்டு களஞ்சியம் அண்ணனிடம் போனேன். காலில், மதினியிடம் இரவல் வாங்கிய அண்ணனின் ரப்பர் பூட்ஸ், எனக்கு இரண்டு அளவு பெரியது. தண்ணீரில் இறங்கி முதல் எட்டிலேயே காலை உருவித் தூக்கிவிட்டேன். கரிசல்காரி புத்தி எங்கே போகும்? "டாக்டரம்மா, உரசுங்க, உரசுங்க!" என்று கரையிலிருந்து சத்தம் வந்தது. அதன் பிறகு தேய்த்துத் தேய்த்து ஓடை வரைக்கும் நடந்தேன். அவருடைய சிவப்பு முள் ஒன்றைக் கட்டினேன். எனக்கு வீசத் தெரியாது. கம்பை இரண்டு கையாலும் முன்னால் நீட்டி, "அண்ணே, இந்தாங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. கரையில் களஞ்சியம் அண்ணன் கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார்.